ஒர்க்‌ஷாப் வைக்க மானியம்: தமிழ்நாட்டில் யாருக்கு எந்தத் திட்டம் கட்டுப்படியாகும்?

கடன் வேண்டாம், திருப்பிக் கட்டத் தேவையில்லாத அரசுப் பணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றுதான் மெக்கானிக்குகள் பேச்சை ஆரம்பிப்பார்கள். திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்கிற வேலையில் இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் எனக்கு இல்லை. பதிலும் எப்போதும் ஒன்றுதான். பணம் இருக்கிறது, ஆனால் கடன் வாங்கினால்தான் அது வரும். சொந்தக் காசில் வண்டியைத் தூக்குகிற லிஃப்ட் வாங்கி மாட்டிவிட்டு, பில்லோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால், இங்கே பேசப்போகிற திட்டங்கள் எதிலும் ஒரு ரூபாய் கிடைக்காது.

போன வருடம் வந்தவருக்கு முப்பத்து மூன்று வயது. ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் முடித்தவர், ஒரு கார் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. கையில் ஒன்றரை லட்சம் சேமிப்பு. ஒரு டூ போஸ்ட் லிஃப்ட், கம்ப்ரசர், வீல் அலைன்மென்ட், டயர் சேஞ்சர், வண்டிக் கோளாறு பார்க்கிற ஸ்கேனர், கொஞ்சம் ஷெட் வேலை என்று கணக்குப் போட்டதில் 20 லட்சம் வந்தது. இரண்டு இடம் பார்த்து வைத்திருந்தார். ஒன்று நகராட்சிக்குள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். இன்னொன்று பைபாஸில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஊராட்சி எல்லைக்குள். வாடகை கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘எது நல்ல இடம்?’ என்பதுதான் அவர் கேட்டது. எந்தத் திட்டம் என்பதையும் அதே கேள்விதான் முடிவு செய்யும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

மானியம் கைக்கு வரும் விதம்

ஒப்பிடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பேங்கில் பிஎம்இஜிபி என்றால்தான் தெரியும். 2008 முதல் நடக்கிறது. காதி கிராமத் தொழில் ஆணையம், காதி வாரியம், மாவட்டத் தொழில் மையம் மூன்றின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். 20 லட்சம் திட்டத்தில் நம்மவர் போடவேண்டியது 5%, அதாவது ஒரு லட்சம். மீதி 19 லட்சத்தையும் பேங்க் கடனாகத் தரும். மானியம் 7 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அந்த 7 லட்சம் அவர் கையிலோ சேமிப்புக் கணக்கிலோ வராது. அவர் பெயரில் பேங்க் ஒரு டெபாசிட்டாகப் போட்டு மூன்று வருடம் பூட்டி வைக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது, அதே 7 லட்சம் அளவுக்குக் கடனிலும் வட்டி போடக் கூடாது. ஆகவே வட்டி ஓடுவது 12 லட்சத்துக்குத்தான். மூன்று வருடம் கழித்து ஆள் வந்து பார்ப்பார்கள். பட்டறை ஓடிக்கொண்டிருந்தால் 7 லட்சத்தைக் கடனில் கழித்துவிடுவார்கள். இடையில் மூடிவிட்டால் மானியம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அதனால் மானியம் வந்ததும் தங்கைக்குக் கொடுக்கலாம், பழைய கடனை அடைக்கலாம் என்கிற யோசனை எல்லாம் நடக்காது. அது கடைசியில் விழுகிற தவணைகளைக் குறைக்கிற பணம். முதல் மூன்று வருடத் தவணையை லிஃப்டும் அலைன்மென்ட் மெஷினும் சம்பாதித்துத்தான் கட்டவேண்டும். எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால், தினம் எத்தனை வண்டி வரும் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

20 லட்சம் கார் ஒர்க்‌ஷாப்: பிஎம்இஜிபியா, நீட்ஸா?

பிஎம்இஜிபியில் ரிப்பேர் வேலை சேவைத் தொழில் கணக்கில் வரும். உற்பத்திக்கு 50 லட்சம் வரை போகலாம், சேவைக்கு 20 லட்சம்தான் உச்சம். 2022-இல் உயர்த்திய வரம்பு இது. அதற்கு முன்னால் சேவைக்கு வெறும் 10 லட்சமாக இருந்தது. இந்தத் தொகையில் நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது.

மானிய சதவீதம் இரண்டு விஷயத்தைப் பொறுத்து மாறும்: ஆள் யார், இடம் எது. பொதுப் பிரிவு ஆண் நகர்ப்புறத்தில் தொடங்கினால் 15%, கிராமப்புறத்தில் 25%. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி, சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத் திறனாளிகள், திருநங்கையர் ஆகியோர் சிறப்புப் பிரிவு. அவர்களுக்கு நகரத்தில் 25%, கிராமத்தில் 35%. நம் ஊரில் பிசி, எம்பிசி சான்றிதழ் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் மத்திய அரசின் ஓபிசி பட்டியலிலும் இருக்கிறார்கள். ஆனால் பலர் இதைக் கவனிக்காமல் பொதுப் பிரிவுக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு 10 சதவீதத்தைக் கோட்டை விடுகிறார்கள். 20 லட்சத்தில் 10% என்றால் இரண்டு லட்சம். மத்தியப் பட்டியலில் உங்கள் வகுப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

இடத்துக்கு வருவோம். ஊராட்சியின் கீழ் இருந்தால் கிராமம், நகராட்சிக்குள் இருந்தால் நகரம். பைபாஸ் ரோட்டில் பளபளவென்று நாலு ஷோரூம் இருந்தாலும் அந்த இடம் ஊராட்சியில் இருந்தால் கிராமக் கணக்குதான். நம்மவருக்கு பஸ் ஸ்டாண்ட் பின்புறம் என்றால் 5 லட்சம், பைபாஸ் என்றால் 7 லட்சம். இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு லட்சம் வித்தியாசம்.

இந்த இடத்தில் நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது, ஏனென்றால் மாநில அரசின் நீட்ஸ் திட்டம் இருக்கிறது. புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம் என்பது முழுப் பெயர். 2012-13-இல் தொடங்கினார்கள். படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. திட்ட மதிப்பு 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை இருக்கலாம். மானியம் 25%, உச்சம் 75 லட்சம். கூடவே கடன் வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. வயது 21 ஆகியிருக்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு 45 வரை, சிறப்புப் பிரிவுக்கு 55 வரை. பேங்க் மட்டுமல்ல, 1949-இலிருந்து இருக்கிற தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திலும் இதற்குக் கடன் கேட்கலாம்.

படித்தவர்களுக்கான திட்டம் என்றதும் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று நினைத்து மெக்கானிக்குகள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஐடிஐ சான்றிதழ் போதும். ஒன்பது வருடமாக பீரோவில் கிடந்த அந்தச் சான்றிதழை நம்மவர் எடுத்து வந்தபோது ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. எண்ணும் முத்திரையும் தெரிந்ததால் தப்பித்தார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நகராட்சிக்குள் என்றால் பிஎம்இஜிபியிலும் 5 லட்சம், நீட்ஸிலும் 5 லட்சம். நீட்ஸில் வட்டி 3% குறைவு என்பதால் யோசிக்கவே வேண்டாம், நீட்ஸ்தான். பொதுப் பிரிவு ஆணாக இருந்தால் இன்னும் தெளிவு. பிஎம்இஜிபியில் நகரத்தில் 15% என்பதால் 3 லட்சம்தான் வரும், நீட்ஸில் 5 லட்சம்.

ஊராட்சி என்றால் பிஎம்இஜிபியில் 7 லட்சம், நீட்ஸில் அதே 5 லட்சம். இரண்டு லட்சம் பிஎம்இஜிபி பக்கம் சாய்கிறது. ஆனால் வட்டியைக் கணக்கில் எடுக்க வேண்டும். மானியம் போக 14 லட்சம் கடனை ஐந்து வருடத்தில் சீராகக் கட்டினால், சராசரியாக 7 லட்சம் பாக்கி நிற்கும். அதில் 3% என்பது வருடத்துக்கு 21,000. ஐந்து வருடத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம். ஆக உண்மையான வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. பிஎம்இஜிபி அப்போதும் முன்னால்தான், ஆனால் ‘35 எங்கே, 25 எங்கே’ என்று துள்ளுகிற அளவுக்கு இல்லை.

அந்த ஒரு லட்சத்துக்காக ஒப்புக்கொள்ளவேண்டிய கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. 20 லட்சத்துக்கு மேல் மானியக் கணக்கு கிடையாது. பெயிண்டிங் பூத், இன்னொரு லிஃப்ட் என்று திட்டம் 30 லட்சத்துக்குப் போனால் நீட்ஸில் 7.5 லட்சம் வரும், பிஎம்இஜிபி 7 லட்சத்தோடு நின்றுவிடும். டெண்டிங், பெயிண்டிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் செய்யப்போகிறவர்கள் முதலிலேயே நீட்ஸ் பக்கம் பார்ப்பது நல்லது. வாட்டர் சர்வீஸும் பெயிண்டிங்கும் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதலும் வேண்டியிருக்கும். கழிவு நீர்த் தொட்டிச் செலவைத் திட்ட அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் கைக்காசில் கட்டினால் அதற்கு மானியம் இல்லை.

பிஎம்இஜிபிக்கு 2022-இல் கொடுத்த ஒப்புதல் 15ஆவது நிதிக்குழுக் காலத்துக்கானது, அதாவது 2025-26 நிதியாண்டு வரை. அதற்குப் பிறகு விண்ணப்பிப்பவர்கள், எந்த ஆண்டு ஒதுக்கீட்டில் மனு போகிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்டுவிட்டு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஐந்து லட்சம் டூ வீலர் கடை

இங்கே கணக்கே வேறு. நீட்ஸ் 10 லட்சத்தில்தான் தொடங்குகிறது என்பதால் ஆட்டத்தில் இல்லை. போட்டி பிஎம்இஜிபிக்கும் மாநில அரசின் யுஒய்இஜிபிக்கும். படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டம் என்று பேப்பரில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள், 2010-11-இலிருந்து இருக்கிறது. மானியம் 25%, உச்சம் 3.75 லட்சம். குறைந்தது எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது.

பொதுப் பிரிவு ஆண், நகரத்தில் கடை என்றால் யுஒய்இஜிபி. 5 லட்சத்துக்கு 1.25 லட்சம் மானியம், பிஎம்இஜிபியில் 75,000-தான். சிறப்புப் பிரிவு, ஊராட்சியில் கடை என்றால் பிஎம்இஜிபி, 1.75 லட்சம். மற்ற இரண்டு சேர்க்கையிலும் இரண்டு திட்டமும் 25 சதவீதத்தில் சமமாக நிற்கும். அப்போது எந்தத் திட்டத்துக்கு உங்கள் பேங்க் கிளையில் பழக்கம் அதிகம், எதற்கு இந்த வருட இலக்கு மிச்சமிருக்கிறது என்பதைப் பார்த்துப் போடுங்கள். பிஎம்இஜிபிக்கு வருமான உச்சவரம்பு கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டில் ஒருவர் அரசு வேலையில் இருந்தால் யுஒய்இஜிபி கதவு பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

சின்னக் கடைக்காரர்களுக்குப் படிப்புதான் பெரிய முட்டுக்கட்டை. ஆறாம் வகுப்போடு பட்டறைக்கு வந்து ஸ்பேனர் பிடித்தவர்கள் இந்தத் தொழிலில் எத்தனையோ பேர். சத்தத்தைக் கேட்டே டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள், கையில் காட்ட ஒரு காகிதம் இருக்காது. பிஎம்இஜிபியில் சேவைத் தொழில் 5 லட்சத்தைத் தாண்டினால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். ஆகவே 5 லட்சத்துக்குள் திட்டத்தை வைத்துக்கொண்டால் படிப்பு ஒரு தடையே இல்லை. அதற்கு மேல் வேண்டும் என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித் தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது, அதை எழுதித் தேறலாம். நாற்பது வயதில் மகனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் படித்த ஒரு மெக்கானிக்கை எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில்தான் கொஞ்சம் திணறினார்.

பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கு

இவர்களுக்கு ஒப்பீடு சீக்கிரம் முடிந்துவிடும். 2023-24-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35% மானியம், உச்சம் ஒன்றரைக் கோடி, வட்டியில் 6% தள்ளுபடி. கல்வித் தகுதி கிடையாது. ஊராட்சியா நகராட்சியா என்ற பேச்சும் இல்லை. திட்டத்தில் 65% கடன், 35% அரசுப் பங்கு என்று அமைத்திருப்பதால் கைக்காசு போடவும் வேண்டியதில்லை. புதுத் தொழிலுக்கு மட்டுமல்ல, ஓடிக்கொண்டிருக்கிற பட்டறையை விரிவுபடுத்தவும் கேட்கலாம்.

அதே 20 லட்சம் ஒர்க்‌ஷாப்புக்கு 7 லட்சம் மானியம், மீதி 13 லட்சத்துக்கு 6% வட்டிச் சலுகை. மேலே போட்டது போலவே கணக்கிட்டால் ஐந்து வருடத்தில் வட்டியில் மட்டும் இரண்டு லட்சத்தை ஒட்டி மிச்சம். நீட்ஸிலும் இவர்களுக்குக் கூடுதலாக 10% மானியம் உண்டு, ஆனால் வட்டிச் சலுகை பாதிதான். சின்னக் கடை என்றால் தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டு வசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) வழியாக வரும் சிஎம் அரைஸ் திட்டத்தையும் பார்க்கலாம். 35% அல்லது 3.5 லட்சம் மானியம், அதிலும் 6% வட்டிச் சலுகை இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் பலர் ‘பிஎம்இஜிபி போட்டிருக்கிறேன்’ என்றுதான் வருகிறார்கள். புரோக்கருக்குத் தெரிந்த திட்டம் அது ஒன்றுதான், வேறென்ன காரணம்? விண்ணப்பிக்க எந்தத் திட்டத்துக்கும் புரோக்கர் தேவையில்லை. மாநிலத் திட்டங்களுக்கு எம்எஸ்எம்இ எனப்படும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையின் ஆன்லைன் தளம் இருக்கிறது, பிஎம்இஜிபிக்குக் காதி ஆணையத்தின் தளம் இருக்கிறது.

ஏற்கெனவே கடை நடத்துகிறவர்கள்

மனசுக்குக் கஷ்டமான பகுதி இதுதான். பத்து வருடமாகப் புளியமரத்தடியில் உழைத்தவருக்கு இருக்கிற வழியைவிட, நேற்று வேலையை விட்டு வந்தவருக்கு வழி அதிகம். பிஎம்இஜிபி, நீட்ஸ், யுஒய்இஜிபி மூன்றும் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். வேறு அரசு மானியம் ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் பிஎம்இஜிபி கிடையாது. கணவன் வாங்கியிருந்தால் மனைவிக்கும் இல்லை.

அம்பேத்கர் திட்டத்தை விட்டால் இவர்களுக்கு மிச்சமிருக்கிற முக்கியமான கதவு பிஎம்இஜிபியின் இரண்டாவது கடன். முன்பு பிஎம்இஜிபியிலோ முத்ராவிலோ கடன் வாங்கி ஒழுங்காக அடைத்து, மூன்று வருடம் லாபம் காட்டியிருந்தால், சேவைத் தொழிலுக்கு 25 லட்சம் வரை விரிவாக்கக் கடன் கிடைக்கும். மானியம் 15%, ஆகவே உச்சமாக 3.75 லட்சம். புதிதாக வருகிறவருக்கு 35%, நின்று காட்டியவருக்கு 15% என்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம். இருந்தாலும் இன்ஜெக்டர் டெஸ்ட் பெஞ்சோ, எலக்ட்ரிக் வண்டிக்கான கருவிகளோ வாங்க நினைப்பவருக்கு 3.75 லட்சம் சும்மா இல்லை. லாபத்தைக் காட்டச் சொல்வதால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும். ‘வருமானமே வரம்புக்குள்தானே, எதற்கு ஃபைல் பண்ணுவது’ என்று விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய கடையை மூடாமலேயே தம்பி பெயரில் புதுக் கடை என்று காட்டச் சொல்லி யோசனை கொடுப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. களத்துக்கு வந்து போட்டோ எடுப்பார்கள். சுவரில் பத்து வருடக் கரி இருக்கும், வாசலில் பழைய போர்டின் ஆணி இருக்கும்.

மானியம் என்று நினைத்து ஏமாறுபவை

முத்ரா மானியம் அல்ல. 2015 ஏப்ரலில் தொடங்கிய அது வெறும் கடன். சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை, முன்பு தருண் வாங்கி அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை. அடமானம் இல்லாமல் கிடைப்பதுதான் அதன் பலம். அதில் ஒரு பைசா தள்ளுபடி கிடையாது. உங்கள் முத்ரா கடன் ஒப்புதல் ஆகிவிட்டது, கட்டணம் அனுப்புங்கள் என்று வரும் கடிதங்கள் போலி. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே இதை எச்சரித்திருக்கிறது.

பிஎம் விஸ்வகர்மா 2023 செப்டம்பரில் வந்தபோது 15,000 ரூபாய்க்குக் கருவிப் பெட்டி உதவி என்று கேட்டு நிறைய மெக்கானிக்குகள் விசாரித்தார்கள். அதில் இருக்கிற 18 தொழில்களில் கொல்லர் உண்டு, பூட்டுச் செய்பவர் உண்டு, வண்டி மெக்கானிக் இல்லை.

கடன் இல்லாமல் வருகிற கொஞ்சம்

நாலு பேராவது வேலை செய்கிற ஒர்க்‌ஷாப் என்றால் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் பதிந்து அப்ரென்டிஸ் வைத்துக்கொள்ளலாம். பையனுக்குக் கொடுக்கிற உதவித் தொகையில் 25%, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு அவன் கணக்கில் நேரடியாகப் போடும். இரண்டு பையன்கள் என்றால் வருடத்துக்கு 36,000 வரை உங்கள் சுமை குறைகிறது. தொகை சின்னதுதான், ஆனால் இதற்கு பேங்க் மேனேஜர் முகத்தைப் பார்க்கவேண்டாம், மூன்று வருடம் காத்திருக்கவும் வேண்டாம். ஆரம்பத்தில் சொன்ன ‘திருப்பிக் கட்டாத பணம்’ என்பதற்கு மிக நெருக்கமாக இருப்பது இதுதான், விசித்திரமாக இதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

ஆயில் கம்பெனிகள் போர்டு, ரேக், சில இடங்களில் கருவிகூடத் தருவதுண்டு. இலவசம் மாதிரி தெரியும். மாதம் இத்தனை லிட்டர் எடுக்கவேண்டும் என்று பின்னால் ஒரு தாள் இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஓடாத ஆயிலை வாங்கி அடுக்கிவைத்தால் அது கடனைவிட மோசம்.

பேங்க் வாசலில்

எந்தத் திட்டமாக இருந்தாலும் கடனைத் தருவதா வேண்டாமா என்பது பேங்கின் முடிவு. தொழில் மையம் பரிந்துரை செய்து அனுப்பும், அவ்வளவுதான். அதனால் பைக் தவணை இரண்டு பாக்கி, அண்ணனுக்குப் போட்ட ஜாமீன் என்று ஏதாவது இருந்தால் முதலில் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி சொன்னதுதான். கேட்டால் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது.

அப்புறம் கொட்டேஷன். மெஷின் பணம் உங்கள் கைக்கு வராது, சப்ளையருக்கு நேராகப் போகும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, 3 லட்சம் மெஷினுக்கு 4 லட்சம் கொட்டேஷன் தருகிறேன், வித்தியாசத்தைக் கையில் தருகிறேன் என்பார்கள். மானியமும் கூடுமே என்று ஆசை காட்டுவார்கள். கூடுகிற 1 லட்சத்தில் மானியம் 25,000 என்றால் மீதி 75,000-க்கு ஐந்து வருடம் வட்டியோடு தவணை கட்டப்போவது நீங்கள். பிடிபட்டால் மானியம் மொத்தமும் போகும், அது தனி.

இடத்தின் வாடகை ஒப்பந்தத்தையும் அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். கடன் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஷெட்டைப் பிடித்து, ஒரு கிளையில் மேனேஜர் மாறி, புதியவர் மறுபடி முதலிலிருந்து பார்த்து, ஐந்து மாத வாடகையைச் சும்மா கட்டியவரின் திட்ட அறிக்கையை எழுதியவன் நான்தான். ஒப்புதல் கடிதம் வந்த பிறகே வாடகை ஓடும் என்று உரிமையாளரிடம் பேசி, அதுவரை ஒரு சின்ன அட்வான்ஸோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பணம் ஒரு நல்ல ஸ்கேனருக்கு ஆகியிருக்கும். அதிலிருந்து யாருடைய அறிக்கையை எழுதினாலும் இந்தப் பேச்சை முதல் நாளே பேசிவிடுகிறேன்.

நம் ஐடிஐக்காரர் கடைசியில் பைபாஸ் இடத்தைத்தான் எடுத்தார், ஆனால் நீட்ஸில் போட்டார். பிஎம்இஜிபியில் ஒரு லட்சத்தைத் தொட்டுக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று கணக்கைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பெயிண்டிங் பூத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் அதற்கு மானியம் வருமா என்று கேட்டார். வராது, இப்போதே சேர்த்தால்தான் என்றேன். திட்டத்தை 28 லட்சமாக மாற்றி எழுதச் சொன்னார். நீட்ஸிலும் அவர் பங்கு 5%தான், ஆகவே கைக்காசு 1.40 லட்சம், சேமிப்பில் 10,000 மிச்சம். அந்தப் பத்தாயிரத்தில் போர்டு எழுதக் கொடுத்துவிட்டார்.